பானைத் தண்ணீர் ஏன் குளிரவில்லை? புழுக்கத்தை அளக்கும் ஓர் எண்

அம்மா வேலூர்க்காரர். வேலைக்காகச் சென்னைக்கு வரும்வரை நானும் வேலூர்தான். வெயிலைப் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்திரி நாட்களில் 42 டிகிரி வரை ஏறும்; மதியத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது. அந்த ஊரில் அறுபது வருடம் வாழ்ந்தவர், ஒரு மே மாதம் திருவான்மியூரில் என் வீட்டில் வந்து தங்கினார். மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்: "வேலூர் வெயில்லகூட இப்பிடி ஒரு இம்சை இல்லடா. உடம்பெல்லாம் பிசுபிசுன்னு, மூச்சே முட்டுது."

அன்று சென்னையில் 36 டிகிரி. வேலூரில் 41.

அம்மாவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. எங்கள் தெருமுனையில் வாங்கிய மண்பானையில் தண்ணீர் சரியாகக் குளிரவில்லை. "மண்ணு சரியில்ல, ஏமாத்திட்டான்" என்றார். அதே பானையை ஊருக்கு எடுத்துப் போனார். அங்கே தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

பானையை வாட்டிய அதே காற்றுதான் அம்மாவையும் வாட்டியது. அந்தக் காற்றை அளக்க ஓர் எண் இருக்கிறது. அதன் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. சில ஆண்டுகளாக வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் இந்தச் சொல் சுற்றுகிறது. "ஈரக்குமிழ் 35-ஐத் தொட்டால் மரணம்" என்று ஒரு பக்கம், "சென்னையில் ஈரக்குமிழ் 29-தானே, இதுக்கா இவ்வளவு பயம்?" என்று இன்னொரு பக்கம். ஈரப்பத சதவீதத்தையே ஈரக்குமிழ் என்று சொல்வோரும் உண்டு. மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதைப் பானையிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

## பானை எப்படிக் குளிர்கிறது

ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள். அதில் ஐந்தாறு பேர் ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளுகிறவர்கள். அவர்கள் மைதானத்துக்கு ஓடிவிட்டால் வகுப்பு சட்டென்று அடங்கிவிடும். மிச்சம் இருப்பவர்கள் புதிதாக எதுவும் செய்யவில்லை. துள்ளல் வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்.

தண்ணீரிலும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. வேகமாக அசைபவை மேற்பரப்பை விட்டுத் தப்பி நீராவியாகின்றன. வேகம்தான் வெப்பம் என்பதால், தப்பிப் போகிறவை வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகின்றன. பின்தங்கிய தண்ணீர் குளிர்கிறது. இதுதான் ஆவியாதல். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் வெளிச்சுவரில் ஆவியாகி, உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தைத் தொடர்ந்து உறிஞ்சுகிறது. மதியம் தெளிக்கும் வாசலும், நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டியும், ஏர் கூலரும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

வேலூரில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஏர் கூலர் திருவான்மியூரில் ஏன் யாருக்கும் உதவுவதில்லை என்பதையும் இதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

## வாசலில் போவோரும் வருவோரும்

தண்ணீரை விட்டு மூலக்கூறுகள் வெளியேறுவது பாதிக் கதைதான். காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி மூலக்கூறுகளில் சில, திரும்பவும் தண்ணீருக்குள் விழுந்துகொண்டே இருக்கின்றன. திருவிழா நாளில் கோயில் வாசலைப் பாருங்கள். வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். இரண்டும் சமமாகிவிட்டால், மணிக்கணக்கில் கூட்டம் நகர்ந்தாலும் உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை மாறாது.

காற்றில் நீராவி குறைவாக இருந்தால் திரும்பி விழுபவையும் குறைவு. பானை வேகமாகக் குளிரும். காற்று நிறைய நீராவியோடு இருந்தால் போகிற அளவுக்கு வந்தும் சேரும், குளிர்ச்சி நின்றுவிடும்.

செய்தியில் சொல்லும் "ஈரப்பதம் 75 சதவீதம்" என்பதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் முக்கால் பங்கு இருக்கிறது என்று பொருள். அந்த அதிகபட்சம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும். அதனால்தான் காலையில் 85 சதவீதமாக இருந்த ஈரப்பதம் மதியம் 55-க்கு இறங்குகிறது. காற்றில் இருக்கும் நீராவி குறைந்திருக்க வேண்டியதில்லை. காற்று சூடானதால் வரம்பு உயர்ந்துவிட்டது. ஆகவே வெப்பநிலை தெரியாமல் சதவீதத்தை மட்டும் வைத்து உடம்பு என்ன படும் என்று சொல்ல முடியாது. மார்கழி விடியலில் ஊட்டியிலும் ஈரப்பதம் 90-ஐத் தாண்டும். அங்கே யாருக்கும் புழுங்குவதில்லை.

இதுவரை பார்த்தது: ஆவியாதல் வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்கிறது. காற்றில் நீராவி கூடக்கூட அந்த வழி அடைபடுகிறது.

## நனைத்த திரி சொல்லும் எண்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல ஒரு பழைய வழி உண்டு. பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள்: ஒரே பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் அடியில் இருக்கும் குமிழை ஈரத் துணித் திரி சுற்றியிருக்கும். சும்மா இருப்பது காட்டுவது நாம் வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை. ஈரத் திரி சுற்றியது, திரியிலிருந்து நீர் ஆவியாவதால், அதைவிடக் குறைவாகக் காட்டும். அந்தக் குறைந்த எண்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை.

இன்னும் நேராகச் சொன்னால், தண்ணீரை ஆவியாக்கி மட்டுமே இந்தக் காற்றில் ஒரு பொருளை எவ்வளவு குளிரவைக்க முடியும் என்பதன் கடைசி எல்லை அது. பானை அதற்குக் கீழே போகாது.

கணக்கைப் பாருங்கள். வேலூரில் ஒரு மதியம் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 24. நாகப்பட்டினத்தில் 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 30. வெப்பமானியின்படி நாகை 8 டிகிரி குளுமை. பானையின்படி 6 டிகிரி சூடு. அம்மாவின் உடம்பு பானையின் கட்சி.

அம்மா ஊருக்குத் திரும்பிய வாரத்தில் நானே ஒரு வெப்பமானியில் பஞ்சுத் திரி சுற்றி, நனைத்து, விசிறி முன்னால் வைத்துப் பார்த்தேன். மாடியில் நிழலில் 36, நனைத்தது 29. உலை கொதித்துக்கொண்டிருந்த சமையலறையில் 35, நனைத்தது 31. அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே மிக மோசமான காற்றில் நின்றுகொண்டு, பத்து நாளும் இரண்டு வேளை அம்மா சமைத்திருக்கிறார். சமையலறையில் மின்விசிறி கிடையாது. அடுப்பு அணைந்துவிடும் என்று நாங்கள் வைக்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "ஈரக்குமிழ் 30" என்பதற்கு "30 டிகிரி போல உணர்வது" என்று பொருள் கிடையாது. கைப்பேசியில் "உணரும் வெப்பம்" என்று வருவது வேறு கணக்கு. நாகையின் அதே 34 டிகிரி, 75 சதவீதக் காற்றுக்கு அந்தக் கணக்குப்படி 50-க்கு அருகில் காட்டும். ஈரக்குமிழின் அளவுகோலில் 30 என்பதே மிகப் பெரிய எண்.

## உடம்பும் ஒரு பானைதான்

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது; ஒரு பழைய குண்டு பல்ப் அளவுக்கு. மண் சுமக்கும்போதும் கதிர் அறுக்கும்போதும் அது பல மடங்காகும். இந்த வெப்பம் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே 37 டிகிரி நிலைக்கும்.

வெப்பம் எப்போதும் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் போகும். தோலின் வெப்பநிலை சுமார் 35. காற்று 28 டிகிரியாக இருந்தால் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் தானாகவே போய்விடும். காற்று 35-ஐத் தாண்டினால் ஓட்டம் திரும்பி, காற்றின் வெப்பம் உடம்புக்குள் வரும். அப்போது மிச்சம் இருக்கும் ஒரே வாசல் வேர்வை.

ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். உட்கார்ந்திருப்பவரின் 100 வாட்டை வெளியேற்ற மணிக்கு 150 மில்லிலிட்டர் ஆவியானால் போதும். ஒரு டம்ளர் அளவு. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் முக்கியமான சொல் "ஆவியானால்" என்பது. நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வேர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை. "நல்லா வேர்த்தா உடம்பு குளிர்ந்திரும்" என்பது வேலூருக்குப் பொருந்தும். கடலோரத்தில் வேர்த்துக் கொட்டுவது, உடம்பு முயன்று தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம். தண்ணீரும் உப்பும் போகின்றன, வெப்பம் போகவில்லை. தோலுக்கு ரத்தத்தை விரட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

சுருக்கமாக: உடம்பு ஆவியாதலால் குளிர்கிறது, காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏற ஏற அந்த வேலை கடினமாகிறது.

## 35 என்ற கோடு

காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலையே 35-ஐத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? தோலும் 35. ஆவியாதலும் தோலை அதற்குக் கீழே கொண்டுபோகாது. நிழலில், விசிறிக்கு எதிரே, வேண்டிய அளவு தண்ணீர் குடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்த 100 வாட் வெளியேற வழி இல்லை. சில மணி நேரத்தில் உடம்பின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் என்ற இரு அறிவியலாளர்கள் 2010-இல் இந்தக் கோட்டை ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். அது இயற்பியல் வழியாகப் போட்ட கோடு. அதற்கு மேல் எந்தப் பழக்கமும் மனவுறுதியும் உதவாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

பாகிஸ்தானின் ஜேக்கபாபாத், ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா ஆகிய இடங்களில் ஓரிரு மணி நேரம் இந்தக் கோடு ஏற்கெனவே தொடப்பட்டிருப்பதை, பழைய வானிலைப் பதிவுகளை அலசி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் 35-க்குக் கீழே எல்லாம் பத்திரம் என்று இதைப் படிப்பதுதான் மிகவும் ஆபத்தான தவறு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயது, நல்ல ஆரோக்கியம் கொண்டவர்களை வெப்ப அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவுகளின்படி, ஈரமான வெப்பத்தில் சுமார் 31 டிகிரி ஈரக்குமிழிலேயே அவர்களின் உள்வெப்பம் நிலைக்காமல் ஏறத் தொடங்கியது. இத்தனைக்கும் அவர்கள் அன்றாட வீட்டு வேலை அளவுக்கு லேசாகத்தான் இயங்கினார்கள். உலர்ந்த வெப்பத்தில் அந்த எல்லை இன்னும் கீழே இருந்தது. அங்கே காற்று தடையல்ல, உடம்பால் அந்த வேகத்துக்கு வேர்வை சுரக்க முடியவில்லை. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த எல்லைகள் இன்னும் இறங்கும்.

31 என்றால் மறுநிமிடம் மரணம் என்று பொருள் இல்லை. அந்த இடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் அதில் நிற்கிறோம் என்பதுதான் மிச்சத்தை முடிவு செய்யும்.

## ஒரு நாவலும் ஓர் ஏரியும்

அறிவியல் கட்டுரைகளுக்கு வெளியே, பொது வாசகர் பலருக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது ஒரு நாவல் வழியாக. காலநிலை மாற்றத்தையே களமாகவும் கருவாகவும் கொண்ட கதைகளைக் காலநிலைப் புனைவு என்கிறோம். 2020-இல் வெளியான கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்' அந்த வகை. அதன் முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்தின் ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஈரமான வெப்ப அலை, மின்சாரம் நின்றுவிடுகிறது, வீட்டுக்குள் இருக்க முடியாமல் மக்கள் ஏரியில் இறங்குகிறார்கள். விடியும்போது ஏரி முழுக்கப் பிணங்கள்.

மே மாதத்தில், மின்சாரம் போயிருந்த ஓர் இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் அதைப் படித்தேன். படித்ததும் எழுந்த முதல் கேள்வி: தண்ணீரில் இறங்கினால் குளிர வேண்டாமா? மேலே சொன்ன விதியே பதில். அந்த ஏரித் தண்ணீர் உடம்பளவுக்குச் சூடாகியிருக்கிறது. தண்ணீர் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் மட்டுமே வெப்பம் வெளியே போகும். கழுத்தளவு நீரில் நிற்பவருக்கு ஆவியாகும் வாசலும் மூடிவிட்டது. அந்தக் காட்சியில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. பௌதிகத்தை அப்படியே கதையாக்கியிருக்கிறார். ஓர் எண்ணை உடம்பில் ஏற்றிக் காட்ட ஆய்வுக் கட்டுரையால் முடியாது, கதையால் முடியும். அந்த இரவுக்கு முன்னால் 35 எனக்கு வெறும் எண்.

ஆனாலும் எனக்கு அந்த நாவலோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரே வாரத்தில் ஊரே மாய்வது கண்ணில் படும். அப்படி ஒரு நாள் வரும் என்று பயந்துகொண்டே, இப்போது ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருப்பதைத் தவறவிட்டுவிடுகிறோம். நம் பழைய இலக்கணத்திலும் ஓர் ஒற்றுமையைப் பார்க்கிறேன். வெப்பத்துக்கென்று நாம் வகுத்த திணை பாலை. அதன் பொழுதுகள் வேனிலும் நண்பகலும். உலர்ந்த வெப்பம் அது. கடலோர நெய்தலுக்கு இரங்கலைக் கொடுத்தோம், பொழுது சாயும் எற்பாட்டைக் கொடுத்தோம். புழுக்கத்தை எந்தத் திணையிலும் சேர்க்கவில்லை.

## 40-ஐத் தொடாத நாட்கள்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37-ஐயும் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. அந்த மையம் இப்போது "வெப்பமும் புழுக்கமும்" என்று தனி எச்சரிக்கையும் வெளியிடுகிறது, நல்ல மாற்றம். ஆனால் செய்திகள் இன்னமும் 40-ஐச் சுற்றியே நடக்கின்றன. "வேலூரில் 42" தலைப்பாகும். "நாகையில் 34, ஈரப்பதம் 75" எந்தப் பத்திரிகையிலும் தலைப்பானதில்லை.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சியைப் பார்க்கத் திரண்ட பெருங்கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரி மாதம் இல்லை. வெப்பநிலை 40-ஐத் தொடவில்லை. கடற்கரைக் காற்று, நேர் வெயில், நெரிசல், தண்ணீர்ப் பற்றாக்குறை எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் அது. அதே மாதத்தின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கூட்டமும் கேமராவும் இல்லாத இடங்களும் இருக்கின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நிழலே கிடையாது. கண்கூசும் வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வார்கள். தாகம் இல்லாமல் இல்லை. ஒதுங்கக் கழிப்பறை இல்லை. சென்னையின் ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது: அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதற்கோ குழந்தை இறந்து பிறப்பதற்கோ உள்ள வாய்ப்பு இரண்டு மடங்கு. இந்தப் பெண்களை எந்த நாவலின் முதல் அத்தியாயத்திலும் நான் பார்த்ததில்லை.

## பூமி சூடாவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு

காற்று 1 டிகிரி சூடானால் அதில் இருக்கக்கூடிய நீராவியின் அதிகபட்ச அளவு சுமார் 7 சதவீதம் கூடும். கடலும் சூடாகிறது, அந்த இடத்தை நிரப்ப நீராவி தயாராக இருக்கிறது. ஆகவே நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துப் பூமியைச் சூடாக்கும்போது வெப்பமானியின் எண் மட்டும் ஏறுவதில்லை, கடலோரக் காற்றின் சுமையும் சேர்ந்து ஏறுகிறது. 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்த முதல் ஆண்டு.

எனக்கு அதிகம் கவலை தருவது இரவு. பகலில் பட்ட பாட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவில்தான். நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்துக்கு அனுப்பிவிடும். நீராவி அதைப் போர்வைபோல மடக்கி வைத்துக்கொள்கிறது. உலர்ந்த ஊர்களில் கத்திரியிலும் பின்னிரவில் மொட்டைமாடியில் பாய் விரித்தால் தூக்கம் வரும். சென்னையில் கான்கிரீட் சுவர் விடியும்வரை வெக்கையைக் கக்கும். தகரக் கூரையின் கீழ் படுத்திருப்பவருக்கு ஒரு நாளின் களைப்பு அடுத்த நாளோடு கூடிக்கொண்டே போகும்.

## கையில் இருக்கும் சில வேலைகள்

பானை விதியை ஒருமுறை பிடித்துக்கொண்டால், என்ன செய்வது என்பதும் தெளிவாகும். மூடிய அறையில் ஏர் கூலர் போட்டால் ஈரப்பதம்தான் ஏறும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மின்விசிறி தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விரட்டுவதால் கடலோரத்தில் நன்றாகவே உதவும். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அனல் காற்றை உடம்பின் மேல் வீசும் கருவியாகிவிடும். வெயிலில் வேலை செய்த ஒருவர் உளறினாலோ தடுமாறினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத் துணி போர்த்தி விசிறுவது வேலூரில் போதலாம்; புழுக்கமான இடத்தில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பனிக்கட்டி போட்ட தண்ணீர் கிடைத்தால் அதுதான் நல்லது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சமையலறைச் சுவரில் ஒரு சின்ன விசிறியும், புகையை வெளியே தள்ளும் விசிறியும் மாட்டிவிட்டேன். நனைத்த திரி இப்போது அங்கே 29 காட்டுகிறது. போன வாரம் அம்மா போனில் கேட்டார்: "அங்க பானைத் தண்ணி குளிருதா?" இல்லை என்றேன். "அப்ப மதியானம் வெளிய போகாத" என்றார்.